மச்சான் அனுப்பிய காவல்

நிஸ்தார் தன் கணினி திருத்தும் கடையின் ஒரு கதவை மட்டும் இழுத்துச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தபோது, மடிக்கணினி தெருவரைக்கும் கேட்கக் கத்திக்கொண்டிருந்தது. ஒரு பெண்குரல், ஆங்கிலத்தில், உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது, அணைத்துவிட வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னது. வாசலில் அவனுடைய மகள் நிஸ்றா இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு நின்றாள்.

"எத்தின தரம் கோல் எடுத்தன்," என்றாள் மனைவி இன்ஷிரா. அவள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வெளியே போவதற்கு உடுத்துவது போல நல்ல அபாயாவும் தலைக்குப் புதுச் சோலும் உடுத்தியிருந்தாள். "சுணங்கிட்டீங்களே."

"ஒரு ஆள் பிரிண்டரத் தூக்கிக்கொண்டு வந்து நிண்டாரு. அப்பிடியே விட்டுட்டு வரேலுமா?"

"அசறுத் தொழுகைக்கு முன்னம் என்ட வாய்மொழிச் சோதினை. தெரியுமெல்லோ?"

அவனுக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்? பாலர் பாடசாலை ஆசிரியைகளுக்கான டிப்ளோமா. பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்து உட்கார்ந்து அவள் படித்தது. எழுத்துச் சோதனைகள் எல்லாம் முடிந்து இது ஒன்றுதான் மிச்சம். வீடியோவில் மூன்று பேர் கேள்வி கேட்பார்கள். அதற்கென்று கல்லூரி கொடுத்த செயலி கைத்தொலைபேசியில் ஓடாது, கணினியில்தான் ஓடும். இன்று தோன்றாதவர்கள் அடுத்த தொகுதியோடு சேர்ந்துகொள்ளலாம் என்று அறிவித்திருந்தார்கள். அடுத்த தொகுதி எப்போது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

அந்தச் செயலியைத் திறந்தபோதுதான் திரை முழுக்கச் சிவந்து, இதுவும் வைரஸ், இதைத் தடுத்துவிட்டோம் என்று வந்ததாம்.

"கடையிலிருந்து வேற ஒண்டக் கொண்டாங்களன்."

"அங்க கிடக்கிறதெல்லாம் அடுத்தவன்ட சாமான். அதில உன்ட சோதினையச் செய்யவா?"

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். முதுகு வலித்தது. காலையிலிருந்து கடையில் இதே சிவப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கலியாண வீடியோ எடுக்கிறவர் ஒருவர், சித்தாண்டியிலிருந்து வந்த ஒரு விவசாயிகள் சங்கச் செயலாளர், பள்ளிவாசல் கணக்கைப் பார்க்கிற ஒரு பெரியவர் என்று வந்தவர்களின் கணினிகளில் பெயர் மட்டும் வேறுவேறாக இருந்தது. வைரஸைத் தடுக்கிற உண்மையான காவல் நிரல் மூலையில் சத்தமில்லாமல் கிடக்கும், அது இருப்பதையே ஆட்கள் மறந்துவிடுவார்கள். போலிதான் கத்தும், அவசரப்படுத்தும், இத்தனை நிமிடத்தில் பணம் கட்டாவிட்டால் எல்லாம் அழியும் என்று மணிக்கூடு காட்டும். இந்த வீட்டில் இருந்ததன் பெயர் 'மெகா ஷீல்ட்'. நீலக் கேடயமும் அதற்குள் ஒரு சிங்கமும்.

அது போலி என்பது அவனுக்கு இன்று தெரிந்ததல்ல. நோன்புப் பெருநாள் கழிந்த கிழமையில் மூலையில் அந்தச் சிங்கத்தைக் கண்ட அன்றைக்கே தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தான்.

மடிக்கணினி இன்ஷிராவின் அண்ணன், மச்சான் அப்ஹாம் தோஹாவிலிருந்து அனுப்பியது. சிங்கமும் அவன் அனுப்பியதுதான். குடும்பக் குழுவில் ஒரு லிங்கைப் போட்டு, நல்ல சாமான், எல்லாரும் போடுங்க என்று எழுதியிருந்தான். மாமி ஆசியா உம்மா அதைத் தானே போட்டுக்கொண்டார். கணினியில் எதையும் போடவோ கழற்றவோ கேட்கிற கடவுச்சொல் மகனுக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். அன்றிலிருந்து காலைத் தேநீரோடு கணினிக்கு முன்னால் உட்கார்ந்து 'ஸ்கேன்' என்ற பொத்தானை அழுத்துவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. பச்சை வட்டம் சுற்றும். நாற்பது ஆபத்துகள் தடுக்கப்பட்டன என்று வரும். "என்ட மகன் அங்க இருந்துக்கு வீட்டக் காவல் பாக்கிறான்" என்று பக்கத்து வீட்டு நிஸ்மியாவிடம் வேலியோரம் நின்று சொல்வார். இரட்டை வேலை செய்கிற மகன் வெள்ளிக்கிழமையில் ஒரு தரம் பேசினால் பெரிய காரியம்.

வீடு இன்ஷிராவுக்கு எழுதிக் கொடுத்த சீதன வீடு. ஊர் வழக்கப்படி கலியாணம் முடித்து நிஸ்தார் இங்கே வந்தான், ஒரு சூட்கேசும் கருவிப் பெட்டியுமாக. யாரும் அவனை ஒரு குறைச்சொல் சொன்னதில்லை. ஆனாலும் இந்த வீட்டில் ஒரு நாற்காலியை இடம் மாற்றுவதென்றாலும் அவன் கேட்டுவிட்டுத்தான் செய்வான். அப்படி இருக்கையில், மகன் அனுப்பிய காவல் கள்ளக் காவல் என்று மாமியிடம் எப்படிச் சொல்வது?

குசினியிலிருந்து ஆசியா உம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன மருமகன், வைரஸ் கூடிட்டாக்கும்?"

"அத ஒருக்காக் கழட்ட வேணும் மாமி. கடவுச்சொல்லக் கேக்குது."

"எதக் கழட்ட?"

"இந்தச் சிங்கத்த." உண்மை நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது. "அப்ஹாம் போட்டது நல்லதுதான் மாமி. இப்ப காலம் முடிஞ்சி போச்சி. அதான் இப்பிடிக் கத்துது."

"அப்ப புதுப்பிச்சாச் சரிதானே," என்றார் ஆசியா உம்மா. அவர் தொலைபேசியை எடுத்து, அதிலிருக்கிற டேட்டாவிலேயே மகனை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

நிஸ்தார் கண்ணை மூடிக்கொண்டான். தான் சொன்ன பொய்யில் தானே மாட்டிக்கொண்டது புரிந்தது. இன்ஷிரா அவனைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்திருந்தது.

அப்ஹாம் நல்ல இரைச்சலுக்கு நடுவில் பேசினான். "உம்மா, அதக் கழட்ட விடாதீங்க. சந்தா முடிஞ்சா நான் இஞ்ச இருந்து கட்டுறன். மச்சானிட்டக் குடுங்க... மச்சான், நீங்க கடைக்காரங்க இப்பிடித்தான், கண்டதையெல்லாம் கழட்டிப் போட்டு உங்கட ஒண்டப் போடுவீங்க."

"நான் ஒண்டும் விக்க வரல்ல மச்சான்."

"சும்மா பகிடிக்குச் சொன்னன்."

"காக்கா, எனக்குச் சோதினை!" என்று இன்ஷிரா தொலைபேசியில் இருந்த அண்ணனிடம் கத்தினாள். "இது என்ட சோதினையத் திறக்க விடுதில்ல!"

"அது வைரஸாயிருக்கும் தங்கச்சி. அதாலதானே மறிக்குது."

ஆசியா உம்மா மகளையும் மருமகனையும் மாறி மாறிப் பார்த்தார். "அவனே சொல்றான். நான் என்ன செய்யிற?"

கடை என்றால் கடவுச்சொல் இல்லாமலும் நிஸ்தாருக்கு வழி இருந்தது. அதற்கு நேரம் போதாது. நேரம் இருந்தாலும் இந்த வீட்டில் அந்த வழியில் அவன் போகமாட்டான். சட்டைப் பையைத் துழாவினான். யாரோ சொல்லி வைத்து வாங்க வராத ஒரு பென்ட்ரைவ், உறையோடு இருந்தது.

"மாமி, இந்த உறைய நீங்களே உடைங்க."

"என்னத்துக்கு?"

"உடைங்களன். இது புதுசு. ஒருத்தரும் தொடல்ல, இதுக்குள்ள ஒரு எழுத்தும் இல்ல. மச்சான், நீங்களும் கேட்டுக்கொண்டிருங்க." வெளியிலிருந்தும் ஒன்றும் உள்ளே வராதபடி, அவன் எழுந்துபோய் வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கினான். இணையத்திலிருந்து வந்துகொண்டிருந்த பெண்குரல் பாதியில் நின்றது. அந்த அமைதியில், பின்பக்கம் வாவியில் போகிற ஒரு தோணியின் மோட்டார்ச் சத்தம் கேட்டது.

ஆசியா உம்மா உறையைப் பல்லால் கடித்துப் பிரித்தார். நிஸ்தார் சொன்ன துளையில் அவரே செருகினார். வழக்கமான பொத்தானையும் அவர்தான் அழுத்தினார், தினமும் அழுத்துகிற அதே விரலால். பச்சை வட்டம் இரண்டு சுற்றுச் சுற்றியது.

பென்ட்ரைவில் முப்பத்தொரு வைரஸ்.

"திருப்பி அழுத்துங்க," என்றான் நிஸ்தார்.

இந்த முறை ஐம்பத்திரண்டு. அதில் ஒன்பது 'இசட்' டிரைவில் இருப்பதாகச் சொன்னது. இந்தக் கணினியில் அப்படி ஒரு டிரைவே கிடையாது என்று நிஸ்தார் திறந்து காட்டினான்.

"வெறும் சாமானுக்குள்ள எங்க இருந்து வந்த?" என்றார் ஆசியா உம்மா.

"எங்கயும் இருந்து வரல்ல மாமி. அது வாய்க்கு வந்தத எண்ணுது. ஆக்களப் பயப்படுத்திக் காசு வாங்கிறதுக்குச் செய்த சாமான். வைரஸ் எண்டா இதுதான் வைரஸ்."

தொலைபேசியில் அப்ஹாம் சொன்னான்: "எனக்கு ஆரோ அனுப்பின உம்மா. நான் வாசிக்கவும் இல்ல, சும்மா குரூப்பில தட்டிவிட்டன். சுப்பவைசர் வாறான், வைக்கிறன்."

ஆசியா உம்மா தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். "அங்கால பாருங்க," என்றார். நிஸ்தார் சுவரைப் பார்த்து நின்றான். அவர் கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடிக்கிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்தது அவன் கை மறக்காத வேலை. கணினியைப் பாதுகாப்பு முறையில், தேவையானவை மட்டும் ஓடும்படி திரும்பத் தொடக்கினான். நிரல்களின் பட்டியலில் சிங்கத்தைத் தேடிக் கழற்றினான். நிச்சயமாகவா, உங்கள் குடும்பம் பாதுகாப்பை இழக்கும் என்று அது கேட்டது. வேண்டாம் என்ற பொத்தான் பெரிதாகவும், ஆம் என்பது கண்ணுக்குத் தெரியாத சாம்பலிலும் இருந்தது. ஆம். திரும்பவும் கேட்டது. ஆம். கழற்றியது தானாகத் திரும்பி வருவதற்கு வைத்திருந்த நேர ஒழுங்கையும், மிஞ்சிக் கிடந்த கோப்புறையையும் அழித்தான். உலாவியில் அறிவித்தல் அனுப்ப எப்போதோ கொடுத்திருந்த அனுமதிகளை ஒவ்வொன்றாக நீக்கினான். சிங்கம் அணைத்து வைத்திருந்த, கணினியோடு வந்த உண்மையான காவலை எழுப்பிவிட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த கருவியாலும் ஒரு தரம் தேடினான். அது தேடி முடிக்க நெடுநேரம் எடுத்தது. இன்ஷிரா நகத்தைக் கடித்தாள்.

"கெதியாச் செய்யேலாதா?"

"கெதியா முடியிறதுதான் பொய். கொஞ்சம் இரி."

ஒன்றுமில்லை என்று வந்தது. வயரைத் திரும்பக் கொளுவினான். சோதனைச் செயலி திறந்தது. கதவைச் சாத்தும்போது, யாரோ ஒரு ஆண்குரல் அவளுடைய சோதனைச் சுட்டெண்ணைக் கேட்பதும் அவள் நடுங்காமல் சொல்வதும் காதில் விழுந்தன.

அவனும் மாமியும் நிஸ்றாவைத் தூக்கிக்கொண்டு பின்முற்றத்துக்குப் போனார்கள். அங்கேயும் உரக்கப் பேச முடியாது, யன்னல் திறந்திருந்தது.

"நீங்க இண்டைக்கா கண்ட, இது பொய்யெண்டு?" ஆசியா உம்மா கிசுகிசுத்தார்.

நிஸ்தார் நிஸ்றாவின் சட்டைக் கழுத்தைச் சரிசெய்தான்.

"எனக்குத் தெரியும். அண்டைக்கே கண்டிருப்பீங்க. ஊரில ஆற்றயும் கொம்பியூட்டர் பழுதாப் போனா உங்களிட்டத்தான் வாறாங்க. நான் ஒவ்வொரு நாளும் அதுக்கு முன்னால குந்தியிருந்து பொத்தான அமத்திறன், பாத்துக்கொண்டு போயிருக்கீங்க."

"மச்சான் தந்தது. உங்களுக்குக் கவலையாப் போயிடும் எண்டு..."

"அவன் தந்தா என்ன? மகன் சொன்னா மண்ணையும் திங்கிற பொம்பிள எண்டா நினைச்ச?" குரல் உயர்ந்தது. வாயைப் பொத்தி, திரும்பவும் தாழ்த்திக்கொண்டார். "நிஸ்மியாவிட்டச் சொன்னன். அவளும் போட்டிருக்காள். இன்னும் எத்தின பேருக்குச் சொன்னனோ. காலம் முடிஞ்சி போச்சாம்! எவளவு வடிவா ஒரு பொய்."

"பிழைதான் மாமி."

"வந்து இவளவு காலம். இன்னும் விருந்தாளி மாதிரியே இரிக்கிறீங்க. விருந்தாளிதான் சோத்தில உப்பு இல்லாட்டியும் நல்லமெண்டு சொல்லிட்டுப் போவான்."

நிஸ்றா உம்மும்மாவின் முகத்தையும் வாப்பாவின் முகத்தையும் பார்த்து, அவர்களைப் போலவே கிசுகிசுத்தாள்: "சண்டையா?"

"இல்ல மகள். உங்கட வாப்பாக்கு ஏசிறன்," என்றார் ஆசியா உம்மா. மருமகன் பக்கம் திரும்பினார். "வேற என்ன இரிக்கி?"

"என்ன மாமி?"

"சொல்லாமக் கண்டுக்கு இரிக்கிறது. வேற என்ன?"

நிஸ்தாருக்குச் சிரிப்பு வரவில்லை. களைப்பு மட்டும்தான் வந்தது. ஆனால் அது காலையில் இருந்த களைப்பு அல்ல. "போன்லயும் ஒண்டு இரிக்கி. பற்றரியக் கழுவித் துப்பரவாக்கிற எண்டு."

"அதுவும் பொய்யா?"

"ஓம்."

"அதுவும் அவன் அனுப்பினதா?"

"இல்ல. அது நீங்களாப் போட்ட."

ஆசியா உம்மா தொலைபேசியை அவனிடம் நீட்டினார். பேத்தியும் உம்மும்மாவும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் படியில் உட்கார்ந்து அதை நீக்கத் தொடங்கினான். அதுவும் நிச்சயமாகவா என்று கேட்டது.

அவன் முடிப்பதற்குள் கதவு திறந்தது. இன்ஷிரா சோலைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிலைப்படியில் சாய்ந்தாள். மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"கேட்டாங்க, சொன்னன்," என்றாள். "கடைசியா ஒரு கேள்விக்குத் தெரியாதெண்டு சொன்னன். தெரியாததத் தெரியாதெண்டு சொன்னது நல்லமெண்டு அந்த மேடம் சொன்னா."

"பாஸா?" என்றார் ஆசியா உம்மா.

"பாஸாம். கடிதம் பிறகு வருமாம்." அவள் அப்படியே நிலைப்படியில் குந்திக்கொண்டாள். "ஆராவது ஒரு தேத்தண்ணி தாங்களன்."

ஆசியா உம்மா குசினிக்குப் போகவில்லை. அவர் வேலியோரம் போய், நிஸ்மியாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நிஸ்தார் எழுந்தான். யாரிடமும் கேட்காமல் குசினிக்குள் போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தான்.