ஏரிக்கரைத் திருப்பம்

ஆடிக் கிருத்திகையும் அதுவுமாக எந்த ஜட்கா வண்டிக்காரன் கே.ஜி.கண்டிகையில் நிற்பான்? விடியுமுன்பே எல்லாரும் காவடிக்காரர்களை ஏற்றிக்கொண்டு திருத்தணி மலைக்குப் போய்விட்டார்கள். பஸ் நிற்காமலே போனது, கூரைமேல்கூட ஆள். சற்குணம் தகரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். பகல் ரயிலைப் பிடித்தால்தான் அரக்கோணம், பட்டணம், மண்டபம் என்று மாறிப் போய், இலங்கைக்குத் திரும்பக் கொடுத்திருந்த தேதி முடிவதற்குள் கப்பலேற முடியும்.

இலங்கைச் சர்க்காருக்குத் திடீரென்று யார் உள்ளூர், யார் வந்தவர் என்று கணக்குப் பார்க்கும் புத்தி வந்துவிட்டது. இருபது வருஷம் தேயிலைக் கொழுந்து கிள்ளியவளானாலும் தேதிக்குள் திரும்பாவிட்டால் வேற்று நாட்டுக்காரிதான். மகள் ஜெயகுமாரியைத் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு, தம்பி யோபுவின் கல்யாணத்துக்காகப் புருஷன் சத்தியநாதனோடு வந்தவள் அவள்.

கல்யாணம் முடிந்த மறுநாள் ஏரிக்கரைத் திருப்பத்தில் மிராசுதார் சடகோபனின் கார் சத்தியநாதனை அடித்துப் போட்டது. ஆரன் அடித்ததாக டிரைவர் துளசிங்கம் சாதிக்கிறான். அடிக்கவில்லை என்று சொல்ல, பின்னாலேயே நடந்து வந்த சற்குணத்தை விட்டால் ஆள் இல்லை. “எழுதிக் குடுத்தா செல்லாதும்மா. நீயே கூண்டுல ஏறிச் சொல்லணும்” என்று வக்கீல் பஞ்சாட்சரம் கையை விரித்துவிட்டார். வாய்தாவோ அடுத்த மாதம். சாட்சி சொல்லிவிட்டு இங்கேயே கிடக்கலாம், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு மகளிடம் போகலாம். சட்டம் அவளுக்குத் தாராளமாக இரண்டு வழி வைத்திருந்தது.

“பாப்பாவ இங்கயே வரவச்சிக்கலாம்க்கா” என்றான் வழியனுப்ப வந்திருந்த யோபு.

“அது பொறந்த ஊரு அதுடா. இங்க இன்னாத்தக் காட்டி வரச்சொல்றது?”

சொன்னாளே தவிர அதிலும் சூடில்லை. சத்தியநாதனைப் புதைத்த நாளிலிருந்து அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. அழுகை வந்தாலாவது தேவலை என்றிருந்தது.

அப்போதுதான் அந்தக் கார் வந்து நின்றது. துளசிங்கம் இறங்கினான், கிட்டே வரவில்லை.

“ஐயா அனுப்பினாருங்க. டேசன்ல உட்டுட்டு வரச் சொன்னாரு.”

யோபு காருக்கும் பெட்டிக்கும் நடுவில் வந்து நின்றான். “பாத்தியாக்கா, நீ கெளம்பறது அவங்களுக்குத் தெரிஞ்சிகீது. இதுல ஏறினா பாவா உசுருக்கு ராஜி ஆயிட்டன்னுதான் ஊரு பேசும்.”

“வேற வண்டி வருமாடா?”

அவன் சாலையைப் பார்த்தான்.

சற்குணம் பெட்டியைத் தானே தூக்கி வைத்து ஏறிக்கொண்டாள். காரின் முன்விளக்கு ஒன்று பழையது, மற்றது புத்தம் புதியது. இருக்கை மெத்தென்று இருந்தது. அப்படி இருந்தது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஏரிக்கரை வந்தது. துளசிங்கம் வேகத்தைக் குறைத்தான். திருப்பத்துக்கு வெகு முன்னாலேயே ஆரனின் ரப்பர் பந்தை அமுக்க ஆரம்பித்தவன், விடாமல் அமுக்கிக்கொண்டே போனான். காவடிகளெல்லாம் எப்போதோ போயாயிற்று. சாலையில் ஈ காக்கை இல்லை. சற்குணம் அன்றைக்குக் கேட்காத அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு வந்தாள்.