வடக்கு வெளிச்சத்தில் ஒரு நேர்காணல்

விரிஞ்சிபுரம் கோயில் மதில் சாட்சி, பாலாற்று மணல் சாட்சி: இதில் ஒரு சொல்கூடக் கலப்படம் கிடையாது. நம்பிக்கை வராதவர்கள் ஜோலார்பேட்டையிலேயே இறங்கி வண்டி மாறிக்கொள்ளலாம்.

ஆம்பூர் உமைமா, தோல் கழிவிலுள்ள குரோமியத்தைத் தின்று தீர்க்கும் ஒரு கிருமியைப் பாலாற்று மணலில் கண்டுபிடித்து டாக்டர் பட்டம் வாங்கியவள். கிருமிக்கு இருந்த துணிச்சல் அவளுக்கு இல்லை. வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களின் ஆன்லைன் நேர்காணல் இரண்டில் ஏற்கெனவே கவிழ்ந்திருந்தாள். முதலாவதில் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டாள். எதிரில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது கறுப்பு நிழல்தான். ஏதோ கொலை வழக்கின் ரகசிய சாட்சி என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். இரண்டாவதில் அறை எதிரொலித்து ஒவ்வொரு பதிலும் மூன்று முறை போய்ச் சேர்ந்தது. விண்ணப்பித்தவர்கள் மூன்று பேர் என்று எண்ணி மூன்று பேரையுமே நிராகரித்தார்கள்.

மிச்சமிருந்தது ஜெர்மனியில் ஒரே ஓர் இடம். செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணி. அதுவும் போனால் கிருமியைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான்.

திங்களன்று பள்ளித் தோழி ஹேமலதாவுக்கு வீடியோ கால் போட்டு ஒத்திகை பார்த்தாள். ஹேமலதா தோல் ஃபேக்டரியில் தரம் பிரிக்கிற மேசையில் பதினோரு வருடமாக நிற்பவள். தோலை ஒரு புரட்டுப் புரட்டினால், அந்த ஆடு எந்த ஊர் முள்வேலியில் உரசியது என்பதுவரை சொல்லிவிடுவாள்.

“இன்னாடி இது, மூஞ்சி வெட் ப்ளூ மாதிரி கீது?” என்றாள். குரோம் போட்டு அப்போதுதான் தூக்கிய, நீலம் பாய்ந்த ஈரத்தோலுக்கு அங்கே அதுதான் பெயர்.

“லேப்டாப் வெளிச்சம்டி.”

“கேமரா வேற கீழ இருந்து பாக்குது. மூக்கு ஓட்டை ரெண்டும் ஏ கிரேடு, மத்தது எல்லாம் ரிஜெக்ட். நாளைக்கு எங்க ஃபேக்டரி ஹாலுக்கு வா.”

“உங்க மேனேஜர் விடுவாரா?”

“ஆபித் பாய்தானே? ஜெர்மன்காரன் நம்ம தோலைப் பாக்கப் போறான்னு சொன்னா அவரே வந்து பெருக்குவாரு.”

பெருக்கினார்.

அந்த ஹாலின் வடக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெயில் ஏமாற்றும், விளக்கு ஏமாற்றும், வடக்கு வெளிச்சம் மட்டும் பொய் சொல்லாது என்பது தரம் பிரிக்கிறவர்களின் சட்டம். ஹேமலதா தோழியை அதற்கு முகம் காட்டி உட்கார வைத்தாள். நாற்பது ஆட்டுத்தோலை அடுக்கி லேப்டாப்பை ஏற்றினாள். கேமரா கண்ணுக்கு நேராக வந்தது. எதிரொலி போகச் சுற்றிலும் கொடி கட்டித் தோல்களைத் தொங்கவிட்டாள். நெடுஞ்சாலை லாரி ஹாரன்களைக்கூட அந்தத் தோல்கள் உறிஞ்சிக்கொண்டன. அவற்றில் தைத்த ஷூக்கள் இத்தாலியில் தெருமுனை திரும்பும்போதெல்லாம் ஹாரன் அடிப்பதாகப் புகார் வந்து, ஆபித் பாய் இன்னும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

மூன்று மணிக்குத் திரையில் மூன்று பேராசிரியர்கள் வந்தார்கள். கேமராவில் படாமல் லேப்டாப் ஓரமாக, திரையும் தெரிகிற மாதிரி ஹேமலதா சிலேட்டோடு நின்றாள். ‘மெதுவா பேசு’ என்று எழுதிக் காட்டினாள். ‘கேமராவைப் பாரு.’ ‘சுத்தி வளைக்காத, கண்டுபிடிச்சதைச் சொல்லு.’ கிருமி ஒன்பதே நாளில் ஒரு தொட்டியைக் காலி செய்ததை உமைமா இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்தாள். குரல் நடுங்கவில்லை, அவளுக்கே ஆச்சரியம்.

ஆனால் பதினோரு வருடப் பழக்கம் விடுமா? சாக்பீஸ் பிடித்த ஹேமலதாவின் கை, திரையில் இருந்தவர்களுக்கும் தரம் போட்டுவிட்டது. ஓரத்தில் இருந்த இருவருக்கும் பி. நடுவில் இருந்த தலைவருக்கு ரிஜெக்ட். சிலேட்டில் இருந்த அந்த எழுத்து உமைமாவின் மூக்குக்கண்ணாடியில் பளிச்சென்று விழுந்தது. கழற்றிவிடலாம் என்று பார்த்தாள். கழற்றினால் எதிரே இருப்பது பேராசிரியரா ஆட்டுத்தோலா என்று தெரியாது.

தலைவர் கழுத்தைச் சாய்த்து அதைப் படித்தார். “டாக்டர் உமைமா, என்னிடம் என்ன குறை?”

“இன்னாடி பண்ணி வெச்சே!” என்று உமைமா பல்லைக் கடித்தாள். ஜெர்மனி கைநழுவிப் போவது அவள் கண்ணுக்கே தெரிந்தது.

“கேட்டா சொல்லித்தான ஆவணும்,” என்று ஹேமலதா கேமரா முன்னால் வந்தாள். “சார், தோல் நல்ல தோல்தான். ஜன்னல் முதுகுப் பக்கம் கீது. வடக்கே பாத்து உக்காருங்க.”

வேறு வழியின்றி உமைமா மொழிபெயர்த்தாள். தலைவர் திரும்பி உட்கார்ந்தார், பி ஆனார். ஆசை விடவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வடக்குத் தோட்டத்துக்கே ஓடினார். போட்டி பொறுக்காமல் மற்ற இருவரும் பின்னால் ஓடினார்கள். முழங்கால் அளவு பனியில் மூவரும் வரிசையாக நின்று, கேமராவைப் பார்த்து, மெதுவாகப் பேசினார்கள்.

ஹேமலதா ஒரு முழு நிமிடம் பார்த்துவிட்டு மூவருக்கும் ஏ போட்டாள்.

தலைவர் கண்கலங்கிவிட்டார். முப்பது வருட சர்வீசில் தன்னை யாரும் இவ்வளவு கவனித்துப் பார்த்ததில்லை என்றார். “இடம் உங்களுக்குத்தான் டாக்டர். ஏப்ரலில் கிருமியோடு வந்து சேருங்கள்.”

உமைமா போட்ட கூச்சலில் கொடி அறுந்து தோல்கள் சரிந்தன. ஆபித் பாய் ஓடிவந்தார். “இன்னாம்மா, ஆர்டர் கிடைச்சிடுச்சா?”

“ஆமா பாய், எனக்கு!” என்றாள் உமைமா.

ஹால் முழுக்க இனிப்பாக மக்கன் பேடா கொடுக்க ஆள் அனுப்பினார் பாய்.

இன்னும் நம்பாதவர்களுக்கு, அந்த நேர்காணலின் பதிவு ஜெர்மனியில் பத்திரமாக இருக்கிறது. அதில் ஒரே ஒரு சின்னக் குறை: நாற்பது நிமிடமும் உமைமாவின் கேமரா அணைந்தே இருந்தது.