கிளிப்பச்சை ஜெர்கின்

வெறுந்தட்டில் இன்றைக்கும் ஒரு பச்சை இழை கிடந்தது. அமோண்டி நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கி, "யாரு உள்ள வந்தது?" என்று கத்தினாள்.

கத்தாமல் என்ன செய்வாள்? மீனின் குடலை அறுத்து, கரைத்து, வடிகட்டி, அது விழுங்கியிருக்கும் துணி இழைகளை எண்ணுவதுதான் கெண்டு பே என்ற ஏரிக்கரை ஊரில், ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில், அவளுக்கு வேலை. அறுக்கும்போது பக்கத்தில் ஈரத்தாள் போட்ட வெறுந்தட்டு ஒன்றைத் திறந்து வைப்பாள். காற்றிலிருந்து ஏதாவது விழுந்தால் அதில் தெரிந்துவிடும். அப்படி விழுந்துவிட்டால் மீனில் கிடைத்ததையும் நம்ப முடியாது, அன்றைய பாடு அம்போ. இந்தப் பருவம் முழுக்க அம்போதான். ஒரு தட்டாவது சுத்தமாக வராவிட்டால் திட்டத்துக்கு இரண்டாம் வருடம் கிடையாது, அவளுக்கு வேலையும் கிடையாது.

இழை எங்கிருந்து வருகிறது என்று தெரிய ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். முதுகில் 'ஏரியைக் காப்போம்' என்று எழுதிய கிளிப்பச்சை ஜெர்கின்தான். பழைய பிளாஸ்டிக் பாட்டில்களை உருக்கி நெய்தது, உள்ளே பொசுபொசுவென்று இருக்கும். திட்டத்தின் தொடக்க விழாவில் கரைக்கே கொடுத்தார்கள். படகோட்டி, மீன் விற்கிற பெண்கள், சபைப் போதகர், ஒருத்தர் பாக்கியில்லை. ஏரியில் துணி இழை கலக்கிறதே என்று அழுகிற திட்டம், இழை உதிர்க்கிற சட்டையை ஊருக்கெல்லாம் மாட்டிவிட்டது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கதை.

"நான் வாசல்லயே கழட்டிட்டேனே தாயி," என்றார் படகோட்டி ஓகோலா. கையில் மீன் வாளி.

"கழட்டி எங்க வச்சீங்க அண்ணே?"

"உன் மேசைமேலதான், மடிச்சு. வெளிய வச்சா எவனாவது தூக்கிட்டுப் போயிடுவானே."

அமோண்டி தலையில் அடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துத் திட்டத் தலைவர் டாக்டர் சிமியு வந்து நின்றார், கழுத்து வரை ஜிப் இழுத்த ஜெர்கினோடு.

"ஒத்த இழைக்கா இந்தக் கூப்பாடு? மீன் கணக்குல சேத்து எழுதும்மா. எண்ணிக்கை கூடினா பணம் குடுக்கிறவங்களுக்கும் சந்தோஷம்."

"அது மீன் தின்னது இல்ல சார், காத்துல விழுந்தது. நீங்க மொதல்ல அதைக் கழட்டுங்க."

"நானே கழட்டினா கரையில எவன் போடுவான்?" என்றபடி அவர் போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் அமோண்டி அறையின் மூலைமுடுக்கெல்லாம் ஈரத்துணியால் துடைத்தாள். அந்தக் கரைப் பெண்கள் இடுப்பில் சுற்றும் லேசு என்கிற பருத்தித் துணி ஒன்றை உடம்பில் சுற்றி, இன்னொன்றைத் தலையில் இறுக்கிக் கட்டி, கதவை உள்ளே தாழ்போட்டாள். சிமியு தட்டினார், திறக்கவில்லை. ஓகோலா ஜன்னலுக்கு வெளியே நின்று, "என்ன தாயி, உள்ள பிரசவமா?" என்று கேட்டார். அதற்கும் திறக்கவில்லை.

மீன்களை அறுத்து, கரைத்து, வடிகட்டி முடித்துப் பார்த்தபோது தட்டு சுத்தமாக இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒரு தூசிகூட இல்லை. சந்தோஷத்தில் தனியாகவே இரண்டு ஆட்டம் போட்டாள். பிறகு அவற்றில் முதலாவதான, போன வெள்ளிக்கிழமை பிடித்த திலாப்பியா மீனை வடிகட்டிய தாளை நுண்ணோக்கியில் வைத்தாள்.

பச்சை.

அடுத்த மீனிலும் பச்சை. ஜெர்கினிலிருந்து பிய்த்து டப்பாவில் மூடிவைத்திருந்த இழையை, எல்லாம் முடிந்த பிறகு பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே நிறம், அதே தடிமன். இது காற்றில் வந்ததில்லை. மீன் தின்றது.

வெளியே வந்து ஓகோலாவைப் பிடித்தாள். "அண்ணே, இந்த மீனை எங்க பிடிச்சீங்க?"

"நீ சொன்ன கரையிலதான். துவைக்கிற பாறைக்கு எதிர்ல."

"அங்க என்ன துவைக்கிறாங்க?"

"இது ஒரு கேள்வியா? எங்க சபைக்குச் சனிக்கிழமைதான் ஓய்வுநாள், வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சா தொடங்கிடும். அதுக்குள்ள சபைக்குப் போடுறதைத் துவைச்சுக் காயவைக்கணும்ல? இப்ப எல்லாரும் இந்தச் சட்டையிலதான் போறோம், போதகர் மொதக்கொண்டு. பாறையில நாலு அடி அடிச்சாத்தான் அழுக்குப் போகுது."

"அடிச்சா துவைக்கிறீங்க?"

"பின்ன, தாலாட்டுப் பாடியா துவைப்பாங்க?"

அமோண்டி நேராக சிமியுவின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் சுருங்கியது.

"காத்துல விழுந்திருக்கும். அப்படியே எழுதிடு."

"தட்டு சுத்தமா இருக்கு சார். வந்து பாருங்க."

"நான் பாக்க வேண்டாம். நீ எழுது."

இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த எரிச்சலெல்லாம் அவளுக்கு ஒரேயடியாகப் பொங்கியது. "காத்துல விழுந்தப்ப மீன் தின்னுச்சுன்னு எழுதச் சொன்னீங்க. இப்ப மீன் தின்னதைக் காத்துல விழுந்துச்சுன்னு எழுதச் சொல்றீங்க. நான் எதுக்கு சார் இங்க? கண்ணை மூடிக்கிட்டு நீங்களே எழுதிக்கலாமே!"

சிமியு கோபப்படவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "அடுத்த வருஷச் சட்டைக்குச் சொல்லியாச்சு அமோண்டி. இந்தத் தடவை சிவப்பு. இதை நீ எழுதினா ரெண்டாம் வருஷமும் இல்ல, சட்டையும் இல்ல. உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

வேண்டும். இந்தக் கரையில் அவள் படித்த படிப்புக்கு வேறு வேலை இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்து அறிக்கையை எழுதினாள். மீனின் குடலில் கண்டது: பச்சை இழை. வந்த வழி: நாங்கள் கொடுத்த சட்டை. அதைப் பணம் கொடுப்பவர்களுக்கே நேராக அனுப்பினாள். எல்லாம் கோபம்தான், வேறொன்றுமில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பாதி பயம்.