பதினொன்றில் மீதி இரண்டு

1

இந்தக் கதையில் பாதி, பீச்வொர்த் என்ற மலையூரின் பேக்கரி மேசையில் காதில் விழுந்தது. மீதிப் பாதி ஒட்டுக்கேட்டது. சனிக்கிழமை காலையில் அடிவார ஊரான வாங்கரட்டாவிலிருந்து சைக்கிளில் ஏறிப்போய்க் காபி குடித்துவிட்டு இறங்கும் ஏழு பேரில் நானும் ஒருவன். கதைக்கு உரியவனிடம் அனுமதி கேட்கவில்லை. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "எவர்டன் ஊரைத் தாண்டியதும் எதிர்க்காற்று வலுக்க, டெஸ்மண்ட் தன் மனைவியின் முதுகைப் பார்த்தபடியே..."

(அடித்துவிட்டேன். காற்றில் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

2

டெஸ்மண்ட் பிளம்பர். வயது நாற்பத்தொன்பது. பதினொரு வயதிலிருந்து சர்க்கரை நோய்; இன்சுலின் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. ஏற்றத்தில் மிதிக்கும்போது சர்க்கரை சொல்லாமல் கொள்ளாமல் இறங்கும். நான்குக்குக் கீழே போனால் கை நடுங்கும், பேச்சு குழறும், இன்னும் போனால் ஆளே சாய்ந்துவிடுவான். (நான்கு என்பது நம் ஊர்க் கணக்கில் எழுபது.) புஜத்தில் ஒட்டிய, சர்க்கரை அளக்கும் வில்லை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் எண்ணை அவன் போனுக்கும், மனைவி ரொவீனாவின் போனுக்கும் அனுப்பும். பக்கத்திலேயே ஓர் அம்பு, ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்ட.

போன வருடம் ஓர் ஆய்வில் சேர்ந்தான். உடற்பயிற்சியில் சர்க்கரை இறங்கப்போவதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பார்க்கிறார்கள். பாதி வழியில் போன் கேட்கும்: இப்போது எப்படி இருக்கிறது? பசி, வியர்வை, களைப்பு, எரிச்சல், மற்றவை. டெஸ்மண்ட் வண்டியை ஓரங்கட்டி, "மற்றவை"யைத் தொட்டு, "பொறாமை" என்று எழுதினான்.

ஒரு தடவை அல்ல, பதினொரு தடவை.

3

பொறாமை, எங்கள் ஏழு பேரில் ஒருவனான ஃபெர்கஸ் மேல். இந்த ஃபெர்கஸ்தான் எனக்குச் சரியாக வரவில்லை. முதல் பிரதியில் உயரமாக, நல்ல தோளோடு இருந்தான். அப்படிப்பட்டவனைப் பார்த்து யாருக்குத்தான் வயிறு எரியாது? இரண்டாம் பிரதியில் குட்டையாக்கி, முன்வழுக்கையும் வைத்தேன். இப்போது ஓரளவு நம்பும்படி இருக்கிறான்.

செப்டம்பரில் மேக்பை பறவைகள் தலையில் கொத்த வரும். அவை அண்டாமலிருக்க ஹெல்மெட்டில், குழாய் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகளை முள் முள்ளாக நிறுத்திக்கொள்வோம். ரொவீனாவின் ஹெல்மெட்டுக்கு அதைக் கட்டிக்கொடுத்தது ஃபெர்கஸ். டெஸ்மண்டின் வேனில் அந்தப் பட்டை பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. அவனிடம் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. ஏற்றத்தில் அவன் பின்தங்குவான். முன்னால் அவர்கள் இருவரும் ஒட்டினாற்போலப் போவார்கள். அவளுடைய சிரிப்பு பின்னால் வந்து சேரும், எதற்குச் சிரித்தாள் என்பது வராது.

4

ஆய்வு நர்ஸ் ஃபிலிப்பா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாளாம்:

"டெஸ், பொறாமைன்னு நீங்க எழுதினது பதினொரு தடவை. அதுல ஒன்பது தடவை இருபது நிமிஷத்துக்குள்ள சர்க்கரை இறங்கியிருக்கு. எங்க கம்ப்யூட்டரே உங்க பொறாமைக்கு அப்புறம்தான் முழிச்சுக்குது."

ரொவீனா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மீதி இரண்டு தடவை, என்று அவன் இழுத்தான். அது தற்செயல், கணக்கில் சேராது என்று நர்ஸ் தாளைத் திருப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு, ஃபெர்கஸோடு அப்படி என்ன பேச்சு என்று அவன் கேட்டால் போதும், அவள் கை சட்டையின் பின்பைக்குப் போகும். ஜெல்லி மிட்டாயில் கறுப்பை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு (அவனுக்குக் கறுப்பு ஆகாது) நீட்டுவாள்.

"போட்டுக்கோ ராசா. இறங்கப்போகுது."

கொடுமை என்னவென்றால் பெரும்பாலும் இறங்கியது. மிட்டாய் வேலை செய்த பத்தாவது நிமிடம் பொறாமை கரைந்துபோய், வெட்கம் மட்டும் மிஞ்சும். பேக்கரியில் நாங்கள்கூட "இன்னிக்குப் பொறாமை எவ்வளவு டெஸ்?" என்று கேட்போம். அவனும் சிரித்துவைப்பான்.

5

போன சனிக்கிழமை பேக்கரியில் ஃபெர்கஸ் தன் வெனிலா கேக்கைப் பாதியாக வெட்டி ரொவீனாவின் தட்டில் வைத்தான். வேண்டுமா என்று கேட்கவில்லை. அவளும் நிமிர்ந்து பார்க்காமலே தின்றாள். ஒரு தடவையில் வருகிற பழக்கமா அது? டெஸ்மண்ட் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். அவள் பின்னாலேயே போனாள்.

சைக்கிள் நிறுத்தும் இடத்தில் அவன் சொன்னான்:

"ரொவீ, எனக்குப் பொறாமையா இருக்கு."

அவள் கை பின்பைக்குப் போயிற்று. கறுப்பை ஒதுக்கினாள்.

"மிட்டாய் வேணாம். போனைப் பாரு."

ஏழு புள்ளி நான்கு. அம்பு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்று அவள் வாசித்தாள்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் நில்லு. திரும்பப் பாரு."

நின்றார்கள். மறுபடியும் ஏழு புள்ளி நான்கு.

"இது சர்க்கரை இல்ல, ரொவீ. நான்தான். அந்த ரெண்டு தடவையும் நான்தான். இப்பவாச்சும் பதில் சொல்லு."

6

முடிவு (அ): அவள் மிட்டாயைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, "மடையா, அவன்கிட்ட நான் பேசுறதே உன்னப் பத்தி..."

(இல்லை. ரொம்பச் சௌகரியம்.)

முடிவு (ஆ): அவள் தலைகுனிந்து, "எப்பத்துலருந்து தெரியும்?" என்று...

(இதை எழுதும்போது என் கை கொஞ்சம் வேகமாக ஓடியது. அதனால்தான் அடித்தேன்.)

7

சொல்லிவிடுகிறேன். ஃபெர்கஸ் என்று யாரும் இல்லை. கேக்கை வெட்டியவன் நான். முன்வழுக்கையும் என்னுடையதுதான்.

ஏற்றத்தில் நான் என்ன சொன்னாலும் ரொவீனா சிரிப்பாள். சிரிப்பு முடிவதற்குள் குனிந்து, கைப்பிடியில் இருக்கும் போனில் டெஸ்மண்டின் எண்ணைப் பார்ப்பாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை. எட்டு என்றால் முகம் தெளியும், ஐந்து என்றால் மிதிப்பது மெதுவாகும். என் ரத்தத்தில் என்ன ஓடுகிறது என்று யாரும் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு எந்த நோயும் இல்லை, எந்த மிட்டாய்க்கும் என் பொறாமை இறங்காது.

அன்று பேக்கரிச் சுவருக்குப் பின்னால் டயருக்குக் காற்றடிக்கிற சாக்கில் குனிந்திருந்தேன். அவன் பதில் கேட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவள் என்ன சொன்னாள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

ஆகையால் முடிவை நான் எழுதக் கூடாது. எழுதினால் எனக்குச் சாதகமாகத்தான் எழுதுவேன். நீங்களே எழுதுங்கள். கறுப்பை ஒதுக்கிய மிட்டாய்கள் இன்னும் அவள் உள்ளங்கையில் இருக்கின்றன, அதை மறந்துவிடாதீர்கள். நாளை சனிக்கிழமை. ஏழு மணிக்குக் கிளம்புவார்கள். நான் போகலாமா, கூடாதா என்று அதற்குள் எனக்குத் தெரிய வேண்டும்.