பூவராகன் வண்டியைத் தூக்கிய நாள்

இருபத்து மூன்று நாளாக வாசலிலேயே நின்ற மினி லாரியை, அன்று காலை பூவராகன் ஜாக்கி போட்டுத் தூக்கினார். பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன் அச்சுக்குக் கீழே மரக்கட்டைகளை அடுக்கிவிட்டு, கோணியை விரித்து வண்டிக்கடியில் நுழைந்தார்.

பதினெட்டு வருஷத்து வண்டி. கோவளத்திலிருந்து மீன் பெட்டி ஏற்றிவந்து பள்ளிக்கரணை, மேடவாக்கம் கடைகளுக்குப் போடுவதுதான் அவர் பிழைப்பு. குலுக்கலைத் தாங்கும் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் போய்விட்டதென்று மெக்கானிக் ஏசுபாதம் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "மீன் பொட்டிக்கு இன்னா இடுப்பா வலிக்கப் போவுது?" என்று பூவராகன் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவளத்தில் மாமியார் வீட்டில் அவர் மகள் அஞ்சலிக்கு வளைகாப்பு. ஏழாம் மாதம். முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர மாப்பிள்ளை தனசேகர் கார் பேசுவதாகச் சொன்னான். "எம் பொண்ண நான் இட்டுனு போறேன்" என்று பூவராகன்தான் பிடிவாதமாகத் தன் வண்டியில் உட்கார வைத்துக்கொண்டார். பெரும்பாக்கம் அருகே இருட்டில் ஒரு வேகத்தடை தெரியவில்லை. வண்டி தூக்கிப்போட்டது. அஞ்சலி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் குழந்தைக்குத் துடிப்பில்லை என்றார்கள்.

"வண்டி ஆட்டத்தால இல்லீங்க. சில சமயம் காரணமே தெரியாது" என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். பூவராகன் தலையை ஆட்டினார். ஒரு சொல்லும் உள்ளே இறங்கவில்லை. அதன்பிறகு அவர் சாவியைத் தொடவில்லை. மகள் முகத்தையும் பார்க்கவில்லை.

பழைய ஷாக் அப்சார்பரின் மேல் நட்டு துருவேறி இறுகிக்கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்து, ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி முழு பலத்தையும் கொடுத்தார். கை நழுவி விரல்முட்டி கிழிந்தது. துடைத்துக்கொள்ளாமல் மறுபடி மாட்டினார். ஒருவழியாக ஷாக் அப்சார்பர் கழன்று கையோடு வந்தது. எண்ணெய் ஒழுகி மண் அப்பியிருந்தது. அழுத்தினார். உள்ளே போன தண்டு திரும்பி வரவே இல்லை.

"ஆறு மாசம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "ஆறு மாசமா ஏசுபாதம் சொன்னான்."

"ப்பா."

சக்கரத்தருகே அஞ்சலி குந்தியிருந்தாள். எப்போது வந்தாளோ.

"கையில ரத்தம் வருது. வெளிய வா."

"நீ இன்னாத்துக்கு வெயில்ல ஒக்கார்ற? உள்ள போ கண்ணு."

"வண்டியாலதான்னு நெனச்சினு கீறியா?"

அவர் பக்கத்தில் வாங்கி வைத்திருந்த புது ஷாக் அப்சார்பரை எடுத்து, அதன் ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சனிக்கிழம ராத்திரிலேர்ந்தே அசையல ப்பா."

பூவராகன் அப்படியே மல்லாந்து கிடந்தார்.

"காலையில அத்தைகிட்ட சொல்லலாம்னு போனேன். வூடு பூரா ஜனம். தூங்குதுபோலன்னு நெனச்சிக்கினேன். நல்ல நாள்ல வாயெடுத்து எப்படிச் சொல்றதுன்னு பயம். வளையல் போடும்போதெல்லாம் மனசு அங்கியேதான் இருந்துச்சி. வண்டி தூக்கிப்போட்டப்ப வயித்த எதுக்குப் புடிச்சேன் தெரியுமா? அப்பவாச்சும் ஒதைக்குமான்னு."

அவர் நகர்ந்து வெளியே வந்தார். ஒரு கணம் கோபம் தலைக்கேறியது. "ஏன் சொல்லல? நேரா ஆஸ்பத்திரிக்கே—" என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். இருபத்து மூன்று நாளில் கன்னம் ஒட்டிப்போய், கண்ணைச் சுற்றிக் கறுத்து, வேறு யாரோபோல இருந்தாள்.

"சொல்லியிருந்தா பொழச்சிருக்குமா ப்பா?"

பூவராகனுக்குத் தெரியவில்லை. இல்லை என்று சொல்லிவிடலாம். அது வெறும் சமாதானம் என்று அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

"டாக்டரம்மாகிட்ட இதச் சொன்னியா?"

"சொன்னேன். உன்மேல தப்பு இல்லம்மான்னாங்க."

"எங்கிட்டயும் அதான் சொன்னாங்க. நான் நம்பல" என்றார் பூவராகன். "நீ நம்பு கண்ணு. நானும் நம்பிப் பாக்கறேன்."

"அம்மாகிட்ட சொல்லாத ப்பா."

ஆனால் அவள் அம்மா மஹாலட்சுமி வாசற்படியில்தான் நின்றிருந்தாள், கையில் இரண்டு டம்ளர் டீயோடு. எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. டம்ளர்களைப் படியில் வைத்துவிட்டு வந்து, மண்ணிலேயே உட்கார்ந்து, மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அழாத அஞ்சலி அப்போதுதான் அழுதாள். தெருவே கேட்கிற மாதிரி அழுதாள்.

பூவராகனுக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. மறுபடியும் வண்டிக்கடியில் போய்ப் படுத்தார். கண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கினால் கையெல்லாம் கிரீஸ். அழுகை ஓயும்வரை சும்மா கிடந்தார். பிறகு புதியதைப் பொருத்தி, நட்டை விரலால் முடிந்தவரை திருகிவிட்டு, ஸ்பானரைத் தேடினார்.