கூறு நூற்றைம்பது

அஞ்சலாட்சி தன் நாற்பத்திரண்டு வயது வரைக்கும் ஒரு நாள்கூட மீனைத் தராசில் வைத்து விற்றதில்லை. அவள் விற்பது கூறு. கூடையை இறக்கி, பலகையைப் போட்டு, கையால் அள்ளி அள்ளி வைப்பாள். ஒரு கூறு போலவே மறு கூறு இருக்கும். ஒருமுறை சாரம் என்ற பேட்டையில் சந்தேகப் பேர்வழியான ஒரு அம்மாள், மூன்று கூறு நெத்திலிக் கருவாட்டை வீட்டுக்குள் எடுத்துப்போய் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தாள். மூன்றும் இருநூறு கிராம். ஒன்றில் மட்டும் மூன்று கிராம் கூட. வெளியே வந்த அம்மாள் மூன்றையும் வாங்கிக்கொண்டாள். இது நடந்து எட்டு வருஷமாகிறது. அஞ்சலாட்சி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், கேட்காதவர்களிடமும்.

அந்தப் பெருமைதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் காலை வாரியது.

அவள் புருஷன் கன்னியப்பன் கடலுக்குப் போகிறவன். அவன் தங்கை சுமலதா பி.காம். படித்துவிட்டு உழவர்கரையில் ஒரு செல்போன் கடையில் கணக்கு எழுதுகிறாள். வீட்டுப் போனில் "அஞ்சலாட்சி கருவாடு" என்று ஒரு கடையைத் திறந்து வைத்தது அவள்தான். வஞ்சிரம், சுறா, வாளை என்று நாலைந்து சரக்குக்குப் படமும் விலையும் போட்டு, வரும் ஆர்டரை ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பாள். தன் பேரை ஒரு போனுக்குள் பார்த்த நாளிலிருந்து அஞ்சலாட்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. வைத்திக்குப்பத்தில் யாருக்கு இருக்கிறது அப்படி ஒரு கடை?

அந்த ஞாயிற்றுக்கிழமை சுமலதா சிநேகிதி கல்யாணத்துக்குக் கடலூர் போயிருந்தாள். மீன்பிடித் தடைக்காலம் தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது. வீட்டில் நாற்பத்தாறு கிலோ நெத்திலிக் கருவாடு தயாராக இருந்தது. மணலில் போடாமல், கட்டிவிட்ட வலையில் விரித்து, வேளைக்கு வேளை புரட்டிக் காயவைத்தது. படகுகள் கரையேறி நிற்கும் இரண்டு மாதமும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுத்தான் குடும்பம் ஓட வேண்டும். நெத்திலியையும் அந்தக் கடையில் ராத்திரி வந்து போடுகிறேன் என்று சுமலதா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அஞ்சலாட்சிக்குப் பொறுக்கவில்லை. அவள் போடுகிற மாதிரி நமக்குப் போடத் தெரியாதா? தட்டில் அழகாக ஒரு கூறு வைத்துப் படம் பிடித்தாள். விலை கேட்ட இடத்தில் கூறு விலையைப் போட்டாள்: நூற்றைம்பது.

படத்துக்குக் கீழே பொடி எழுத்தில், இங்கிலீஷில், "ஒரு கிலோ" என்று கடை தானாகவே எழுதிக்கொண்டது. எல்லாச் சரக்குக்கும் சுமலதா அப்படித்தான் அமைத்து வைத்திருந்தாள். அஞ்சலாட்சியின் கணக்கில் கிலோ என்று ஒரு விஷயமே இல்லாததால் அதை அவள் தேடவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

மதியத்துக்குள் போன் பத்தொன்பது தடவை மணியடித்தது. ஒவ்வொரு மணிக்கும் அவள் முகம் மலர்ந்தது. பக்கத்து வீட்டு அமிர்தவல்லியைக் கூப்பிட்டு, "பாத்தியா, என் கருவாட்டு ருசி போனுக்குள்ள வரைக்கும் போயிருச்சு" என்று காட்டினாள். அமிர்தவல்லிக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது. அது அஞ்சலாட்சிக்கு இன்னும் நன்றாக இருந்தது.

நாலு மணிக்குச் சுமலதா பட்டுப்புடவையோடு வந்து இறங்கினாள். போனை வாங்கிப் பார்த்தாள். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, இன்னா பண்ணி வச்சிருக்கீங்க? கிலோ எழுநூத்தம்பது ரூபா சரக்கு. நூத்தம்பதுன்னு போட்டிருக்கீங்க."

"கூறு நூத்தம்பதுதானேடி?"

"இதுல கூறு ஏது? எல்லாம் கிலோதான். பத்தொம்பது ஆர்டர், நாப்பத்திரண்டு கிலோ. கோரிமேட்டுல மெஸ் வச்சிருக்காராம் விஜயராகவன்னு ஒருத்தரு, அவரு மட்டும் இருவது கிலோ. எல்லாரும் பணமும் போட்டுட்டாங்க."

காலையிலிருந்து அடித்த பத்தொன்பது மணியும் இப்போது அஞ்சலாட்சியின் காதில் வேறு மாதிரி விழுந்தன. தன் ருசிக்காக வந்தவர்கள் இல்லை அவர்கள். ஏமாளி ஒருத்தி கிடைத்தாள் என்று வந்தவர்கள். அவமானத்தில் அவளுக்கு முகம் சுட்டது.

சுமலதா அதற்குள் முதல் வேலையாக விலையைத் திருத்திவிட்டு நிமிர்ந்தாள். "ஒண்ணும் பயப்படாதீங்க. எல்லாத்தையும் கேன்சல் பண்ணிடலாம். பணம் அவங்கவங்களுக்குத் திரும்பிப் போயிரும். விலை தப்பா போட்டுட்டோம், மன்னிச்சுக்குங்கன்னு ஒரு மெசேஜ். அவ்ளோதான். போன வருஷம் அந்த ஐஸ் பெட்டிக்காரன் பண்ணலையா?"

ஐஸ் பெட்டி கதை இதுதான். பெரிய கம்பெனி ஒன்று இருபத்தாறாயிரம் ரூபாய்ப் பெட்டியை ஒரு பூஜ்யம் விட்டுப்போய் இரண்டாயிரத்து அறுநூறு என்று போட்டிருந்தது. அண்ணியும் நாத்தனாரும் போட்டி போட்டுக்கொண்டு ஆளுக்கொன்று ஆர்டர் செய்தார்கள். மறுநாள் "வருந்துகிறோம்" என்று ஒரு வரி வந்தது, பெட்டி வரவில்லை. தப்பான விலை என்று தெரியாமலா ஆர்டர் போட்டார்கள்? நன்றாகத் தெரியும். அதனால் அந்த மெஸ்காரரைத் திட்டவும் அஞ்சலாட்சிக்கு வாய் வரவில்லை.

"அந்தப் பெட்டிக்காரனை மூணு நாளு இன்னா திட்டு திட்டுனேன், நெனப்பிருக்கா?" என்றாள். "வெலையச் சொல்லிட்டு முழுங்குறான், அவனெல்லாம் ஒரு வியாபாரியான்னு கேட்டேன். இப்ப அந்தத் திட்டெல்லாம் எடுத்து என் தலையில நானே கொட்டிக்கவா?"

"அது பெரிய கம்பெனி அண்ணி. ஒரு பெட்டி போனா அவனுக்கு ஒறைக்கவே ஒறைக்காது. நமக்கு இதுதான் ரெண்டு மாச சோறு. அவன் கேன்சல் பண்ணது தப்பு. நாம பண்ணா தப்பில்ல."

இது நியாயமான பேச்சு. அஞ்சலாட்சிக்கே அது நியாயமாகப் பட்டது, அதனால்தான் கோபம் வந்தது. சுமலதா இன்னொரு வழியும் வைத்திருந்தாள், பி.காம். சும்மா இல்லை. "சரி, கேன்சல் வேணாம். படத்துல இருக்கறது ஒரு கூறுதானே? நூத்தம்பது அந்தக் கூறுக்குன்னு சொல்லி, கிலோவுக்கு இருநூறு கிராம்னு குடுப்போம். யாரும் ஒண்ணும் கேக்க முடியாது."

"கீழ கிலோன்னு எழுதியிருக்கா, இல்லையா?"

"எழுதியிருக்கு. ஆனா..."

"அப்ப கிலோதான்."

அஞ்சலாட்சி கடற்கரை ஏலத்தைப் பேச்சில் இழுத்தாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. விலை முடிந்து, வாங்குகிறவர் கூடையில் கை வைத்துவிட்டால் அதற்கப்புறம் பேச்சில்லை. மேலே பெரிய மீனும் அடியில் பொடியும் இருந்தாலும் அவர் தலையெழுத்து. நல்ல மீனை மலிவாக விட்டிருந்தால் விற்றவர் தலையெழுத்து. ஒருமுறை அஞ்சலாட்சி அவசரத்தில் ஒரு கூடை சங்கரா மீனுக்கு இரண்டு மடங்கு விலை கேட்டுக் கையும் வைத்துவிட்டாள். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் முகத்தைச் சுளிக்காமல் மடியிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கூடையைத் தூக்கினாள். இன்றைக்கும் ஏலக்காரர் ராமலிங்கம் விலை கூவும்போது முதலில் அவள் முகத்தைத்தான் பார்க்கிறார். அந்த இடத்தை அவள் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை.

"அங்க ரெண்டு பேரும் நேருக்கு நேரா நிக்கிறீங்க" என்றாள் சுமலதா. "இங்க யாரு கூடையில கை வச்சா?"

"பத்தொம்பது பேரு வச்சிருக்காங்க. பணம் போட்டுட்டாங்கன்னு நீதானே சொன்ன."

வலை பின்னிக்கொண்டிருந்த கன்னியப்பனைச் சுமலதா சாட்சிக்கு இழுத்தாள். அவன் நிமிராமல் சொன்னான்: "சரக்கு அவளுது, பேரும் அவளுது. ரெண்டு மாசம் ரசஞ்சோறுன்னா ரசஞ்சோறு. என்னைக் கேக்காத."

சுமலதா பட்டுப்புடவையை மாற்றாமலே எழுந்தாள். "பை எடுத்துட்டு வரேன்" என்றாள்.

மறுநாள் காலை சுமலதா செல்போன் கடைக்கு லீவு சொல்லிவிட்டாள். இருபது கிலோ மூட்டையை ஸ்கூட்டரின் முன்னால் வைத்து, சில்லறை ஆர்டர்களைப் பையில் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் முதலில் கோரிமேட்டுக்குப் போனார்கள். பெரிய சரக்கை முதலில் இறக்கிவிடலாம் என்றாள் சுமலதா. அஞ்சலாட்சிக்கு வேறு காரணம் இருந்தது. அந்த ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டும் அவளுக்கு, அவ்வளவுதான். பெட்டியில் இருந்த புதுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

மெஸ், பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் இருந்தது. நோயாளிகளோடு வெளியூரிலிருந்து வந்தவர்கள் இட்லிக்கு நின்றுகொண்டிருந்தார்கள். விஜயராகவன் கல்லாவில் இருந்தார். ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் விபூதி. மூட்டையைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"நெத்திலியா? நெஜமாவே கொண்டாந்துட்டீங்களா?"

"நீங்க கேட்டீங்க. கொண்டாந்தேன்" என்றாள் அஞ்சலாட்சி.

"கேன்சல் ஆயிடும்னுதாம்மா நெனச்சேன். அந்த வெலைக்கு எவன் குடுப்பான்? சும்மா போட்டுப் பாப்போமேன்னு ஒரு தட்டு தட்டுனேன்." மூட்டையையும் இரண்டு பெண்களையும் பார்த்தார். குரல் இறங்கியது. "வெலை தப்பாத்தானே போட்டீங்க? பாவம், ஒண்ணு பண்ணுங்க. எனக்கு ரெண்டு கிலோ போதும். மிச்சத்தைத் திருப்பி எடுத்துட்டுப் போங்க."

சுமலதாவின் முகத்தில் விளக்கு எரிந்தது. பதினெட்டு கிலோ என்றால் ஒரு மாதம் ஓடும். அவள் அண்ணியின் முழங்கையை மெல்லத் தொட்டாள்.

அஞ்சலாட்சிக்கும் ஆசை வராமல் இல்லை. வந்தது. ஆனால் "பாவம்" என்ற அந்த ஒரு சொல் முள்ளாகக் குத்தியது. தலையில் கூடை தூக்கி இருபது வருஷமாக இந்த ஊரைச் சுற்றியவளை ஒருத்தரும் பாவம் என்று சொன்னதில்லை. வாயாடி என்றிருக்கிறார்கள், திமிர் பிடித்தவள் என்றிருக்கிறார்கள். அதெல்லாம் அவளுக்குப் பிடிக்கும்.

"அண்ணே, இருவது கிலோ கேட்டவரு நீங்க. உங்களுக்கு வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. போன்ல அந்த பட்டனை நீங்களே அமுக்குங்க, நான் எடுத்துட்டுப் போறேன். எனக்காகப் பாவம் பாத்து அமுக்காதீங்க. சொன்ன சொல்ல மாத்தறது என் பக்கத்துலேருந்து வராது."

சொல்லிவிட்டு மூட்டையின் வாயைப் பிரித்துவிட்டாள்.

விஜயராகவன் ஒரு கை அள்ளினார். நெத்திலி வெள்ளி நிறத்தில், தலை உதிராமல், விரலுக்கு நடுவே சலசலவென்று விழுந்தது. ஒன்றை வாயில் போட்டு மென்றார். மணல் நறநறக்கவில்லை. முப்பது வருஷம் மெஸ் நடத்துகிற மனுஷன். இந்த மாதிரிச் சரக்கு எப்போதாவதுதான் கைக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். அவர் போனைத் தொடவில்லை.

"வேணும்மா" என்றார் கடைசியில். "இருவதும் வேணும்."

சுமலதா கண்ணை மூடிக்கொண்டாள். அஞ்சலாட்சிக்கோ நெஞ்சு நிமிர்ந்தது. ஏமாளி கிடைத்தாள் என்று கை நீட்டியவர், இப்போது சரக்கைப் பார்த்து வேணும் என்கிறார். நஷ்டம் நஷ்டம்தான். ஆனாலும் இந்த வேணும் நேற்றைய வேணும் இல்லை.

"நிறுத்துப் பாத்துக்குங்க" என்றாள்.

மெஸ்ஸின் மேடைத் தராசில் மூட்டையை ஏற்றினார்கள். இருபது கிலோ, துல்லியமாக. விஜயராகவன் தலையாட்டினார். அப்போது அஞ்சலாட்சி தன் பைக்குள் கைவிட்டு, வீட்டுக்கென்று மிஞ்சியிருந்த நாலு கிலோவில் கொஞ்சம் எடுத்து வந்திருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். கை கொள்ளாமல் அள்ளி மூட்டையின் மேல் வைத்தாள்.

"இது என்னாம்மா?"

"கொசுறு."

"இந்த வெலைக்குக் கொசுறு வேறயா?"

"வெலை என்னமோ ஆயிட்டுப் போவுது. என் கையில வாங்கினவங்க யாரும் கொசுறு இல்லாமப் போனதில்ல."

அவர், வெட்கத்தோடுதான், அடுத்த தடவை என்ன விலை என்று கேட்டார்.

"எழுநூத்தம்பது. ஒரு ரூபா கொறைக்க மாட்டேன். தடைக்காலம் முடிஞ்சப்புறம் கேளுங்க, இப்ப சரக்கு இல்ல."

மற்ற ஆர்டர்களைக் கொடுக்கப் போகும் வழியில் சுமலதா வண்டியை விரட்டினாள். கோபமாக இருக்கிறாள் என்று அஞ்சலாட்சி நினைத்தாள். இருக்கட்டும், கோபப்பட அவளுக்கும் உரிமை உண்டு. உழவர்கரைக்குள் நுழையும்போது போன் அடித்தது. சுமலதா வண்டியை வேப்பமர நிழலில் ஓரங்கட்டி, ஸ்பீக்கரில் போட்டாள்.

ஒரு கிலோ ஆர்டர் கொடுத்திருந்த பெண் ஒருத்தி. குரலில் கேலி இருந்தது. "நேத்து நூத்தம்பதுன்னு போட்டீங்களே, அது வருமா? இல்ல எல்லாரு மாதிரியும் கேன்சலா?"

அஞ்சலாட்சி பதில் சொல்ல வாயெடுத்தாள். சுமலதா முந்திக்கொண்டாள்.

"கேன்சலா? இது அஞ்சலாட்சி கருவாடும்மா. எங்க அண்ணி வெலை சொன்னா சொன்னதுதான்." புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொள்வதுபோல் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்: "உங்க தெருவுக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கோம். வாசலுக்கு வரும்போது ஒரு கிண்ணம் தனியா எடுத்துட்டு வாங்க. கொசுறு இருக்கு."