ஆறு மணிக்குள் ஓட வேண்டும்

அந்த மென்பொருள் லைப்ரரியை எங்கள் ஆப்பில் சேர்க்க மூன்று வாரம் சண்டை போட்டேன். லேத் பட்டறைகள் தங்கள் வரைபடங்களைப் போட்டு வைக்கும் ஆப் அது. ஒரே சர்வரை நம்பாமல், கோப்புகளைப் பல கணினிகளில் பரப்பி வைக்கும் இந்த லைப்ரரி. எந்தக் கணினி ஓடுகிறதோ அது எடுத்துக் கொடுக்கும்.

"ஓடற வண்டியில எதுக்கும்மா கை வைக்கற?" என்றார் எங்கள் முதலாளி ஸ்ரீகண்டன். கடைசியில் இறங்கி வந்தார். "ஒரு மாசம் பாக்கலாம், லாவண்யா. ஒரு கஸ்டமர் குறை சொன்னாலும் பிடுங்கிடணும்."

மாதம் முடிய இரண்டே நாள். அன்று ஆயுத பூஜை. எங்கள் ஆபீஸ் இருக்கும் அடுகோடித் தெருவெல்லாம் உடைத்த பூசணிக்காய். வரைபட நகல்கள் இருந்த எங்கள் மூன்று கணினிகளையும் அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுச் சாமி முன் அடுக்கினோம். மறுநாள் காலைதான் தொட வேண்டும் என்றார் சார். நானும் தலையாட்டிவிட்டுச் சுண்டல் தின்றேன். மூன்றும் ஒன்றாக அணைந்தால் என்ன ஆகும் என்பது, வாய் கிழியப் பேசிய எனக்கு உறைக்கவே இல்லை!

பொம்மசந்திரா பட்டறையிலிருந்து மஞ்சுநாத்தின் போன் வந்தது. எங்கள் பெரிய கஸ்டமர்.

"மேடம், புனே பார்ட்டி திடீர்னு வந்து உக்காந்திருக்காங்க. நம்ம பட்டறை கம்ப்யூட்டர் எல்லாம் பூஜையில இருக்கு. போன்ல டிராயிங் தெறந்தா சுத்திட்டே இருக்கு!"

போனைப் பிடித்தபடியே சாரிடம் ஓடினேன். "சார், ஒரே ஒரு மெஷின மட்டும் ஆன் பண்ணிக்கறேன்."

"பூஜையில வெச்சத எடுக்கறதா? நாளைக்கு மொதல் வேலையா அந்த லைப்ரரிய பிடுங்கு."

அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அப்போது போனில் மஞ்சுநாத் கத்தினார். "வந்துடுச்சு மேடம்! தெறந்துடுச்சு!"

எங்கிருந்து? என் போனில் அதே வரைபடத்தைத் திறந்து, அது வந்த இடத்தைப் பார்த்தேன். பீன்யாவில் காந்தா அக்காவின் பட்டறை. மஞ்சுநாத்துக்கு அந்த வரைபடத்திலுள்ள பாகத்தைக் கடைந்து கொடுப்பவர். முந்தின நாள் வரைபடத்தைத் திறந்திருக்கிறார். திறந்தவர் கணினியிலும் ஒரு நகல் தங்கும். கேட்பவருக்கு அதுவும் கொடுக்கும். எங்கள் கணினி ஒன்றுகூட இல்லாமல் வேலை நடந்திருக்கிறது! நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்தேன்.

உடனே காந்தா அக்காவைக் கூப்பிட்டேன். "நீங்க இன்னும் அணைக்கலையாக்கா?"

"நமக்கு எப்பவும் சாயங்காலம்தாம்மா பூஜை. ஆறு மணிக்குத்தான் எல்லாத்தையும் அணைப்போம்."

மூச்சு விடாமல் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலரை. சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, முதல் கணினியின் மாலையைத் தானே கழற்றினார்.

"ஆறு மணிக்கு அந்தம்மா அணைச்சிடுவாங்க. அதுக்குள்ள நம்மது ஓடணும்," என்றார். "நீயே ஸ்விட்ச் போடு."